சீட்டின் பின்பக்கம்

பட்டாளத்துக்காரனின் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்க்க அவன் அம்மாவுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. முப்பது வருடமாகத் தெருத்தெருவாகத் துணி வாங்கித் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவள் அவள். பையைப் பார்க்காமல் ஒரு துணியையும் தண்ணீரில் நனைத்ததில்லை. கிடைப்பதையெல்லாம் இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். சாவி, சீப்பு, பாதி சப்பிக் காகிதத்தில் சுருட்டிய மிட்டாய், ஒரு தடவை யாரோ ஒருவரின் கட்டுப்பல். துணிக்காரர்கள் வந்து கேட்டால் டப்பாவைத் திறந்து நீட்டுவாள். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். "உன்னுதை நீயே எடுத்துக்க" என்பாள். கட்டுப்பல்லை மட்டும் இதுவரை யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்குப் பதினைந்தாம் தேதி. பத்து நாளாகத் தூறல் விடவில்லை. கொடியில் போட்ட துணி காயவுமில்லை, சொட்டுவதை நிறுத்தவுமில்லை. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. ஊரார் துணிக்கே இடம் போதாததால், மகன் வந்த அன்று கழற்றி மாட்டிய சீருடைச் சட்டை அப்படியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்ததும் அதை எடுத்துப் பையில் கையை விட்டாள். நாலாக மடித்த ஒரு காகிதம் வந்தது.

"இந்தா, இது என்னன்னு பாரு. நனையக்கூடாத மாதிரி இருக்கு" என்று மருமகளிடம் நீட்டினாள்.

மருமகளுக்குத் தையல் பட்டறையில் வைத்த பெயர் பொத்தான். ஆள் சின்ன உருவம். வாயைத் திறக்கவும் மாட்டாள். பட்டறையில் சட்டைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பதுதான் அவள் வேலை. பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டு, மாமியாரிடம் வருகிற துணிகளில் அறுந்த பொத்தான்களைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னதுதான் காரணம். தனியாக என்றால் நன்றாகவே வாசிப்பாள், வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு மட்டும் அசைய.

உதடு அசைந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து அசைந்தது.

"அத்தை, இது அவரோட லீவுச் சீட்டு."

"அதான் தெரியுதே. டப்பாவுல போடு."

"இதுல பதினெட்டாம் தேதின்னு போட்டிருக்கு."

"எது?"

"லீவு முடியிறது."

மாமியார் சட்டையை வாளியில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டாள். "இருபத்தெட்டா இருக்கும்டி. ரெண்டு சரியா விழுந்திருக்காது. வெளிச்சத்துல பாரு."

பொத்தான் சன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். முப்பதாம் தேதி முதல் பதினெட்டாம் தேதி மாலை ஆறு மணி வரை. நாட்கள் இருபது. எண்ணிலும் போட்டிருந்தது, எழுத்திலும் போட்டிருந்தது.

இருபத்தெட்டு வரைக்கும் இருப்பேன் என்று அவன் சொன்னதை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் இருபத்துநாலாம் தேதி பிரசவ ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருந்தார்கள். டாக்டரம்மா கொடுத்தது மூன்று நாள்; அதில் பொத்தான் இருபத்துநாலைத் தேர்ந்தெடுத்தாள். குழந்தை உள்ளே இன்னும் கொஞ்சம் முற்றட்டும், பின்னாலும் நாலு நாள் அவன் பக்கத்தில் இருப்பான் என்று கணக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் குழந்தை பிறந்தபோது அவன் இல்லை. சேதி போய், அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, அவன் கைக்குச் சீட்டு கிடைத்து வந்து சேர்ந்தபோது ஐந்தாவது நாள். குழந்தை இருந்தது இரண்டு நாள்தான். அவன் வாசலில் பையை இறக்கியபோது மாமியார் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவனே புரிந்துகொண்டு, அம்மா கையிலிருந்த குச்சியை வாங்கி மீதி மெத்தையைத் தட்டினான். அந்தக் குழந்தை யார் சாடை என்று இன்றைக்கும் பொத்தானைத்தான் கேட்பான். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லத் தெரியாது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். சத்தம் வெளியே வரவில்லை. மாமியார்தான் கூப்பிட்டாள். அது தெருக்கோடி வரை கேட்டது.

கொல்லையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றோடு வந்தான். சீட்டைப் பார்த்தான். சிரித்தான். பிறகு சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"இது கிளார்க்கு பண்ண தப்பு. வருஷ ஆரம்பத்துல லீவு முறைக்கு எங்க செக்‌ஷன்ல சீட்டுக் குலுக்குவோம்மா. சமையக்கட்டு அண்டாவுல போட்டு."

"அண்டாவுலயா?"

"கழுவின அண்டாதான். எனக்கு முன்னாடியே ஒரு மாசம் விழுந்துச்சு. எங்க சமையக்காரனுக்கு இந்த மாசம். அவன் தங்கச்சிக்கு அப்ப கல்யாணம், இவளுக்கு இப்ப பிரசவம். அதனால மாத்திக்கிட்டோம். அவன் என் முறையில போனான், நான் அவன் முறையில வந்தேன். எல்லாரும் அப்படித்தான் மாத்திக்குவாங்க."

"சரி, அதுக்கு?"

"அவன் முன்னாடியே பத்து நாள் எடுத்துட்டான். அவனுக்கு மீதி இருபதுதான். எனக்கு முழுசா முப்பது. கிளார்க்கு புஸ்தகத்துல அவன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதியிருக்கான். நாளை மாத்தாம விட்டுட்டான்."

மாமியார் தோளிலிருந்த சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "அப்ப நீ சமையக்காரன் லீவுல வந்திருக்க."

"இல்லம்மா. சமையக்காரன் முறையில, என் லீவுல."

"சமையக்காரன்?"

"அவன் என் முறையில, அவன் லீவுல."

"அவனுக்கு எத்தனை நாள் போட்டாங்க?"

இதை அவன் யோசித்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"முப்பதுன்னு போட்டிருந்தா? உன் பத்து நாளை அவன்ல தின்னுட்டுப் போயிருப்பான்?"

"அப்படி எல்லாம் செய்யமாட்டான்மா, நல்ல பையன்."

"திரும்பி எப்ப வந்தான்?"

"கொஞ்சம் லேட்டாதான் வந்தான்" என்றான் அவன். கையிலிருந்த கயிற்றை விரலில் சுற்ற ஆரம்பித்தான்.

பொத்தான் தன் பொத்தான் டப்பியை மேசையில் கவிழ்த்து, முப்பதாம் தேதியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வெள்ளைப் பொத்தானாக வரிசை வைத்தாள். பதினெட்டில் இருபது முடிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் இருபதுதான் வந்தது.

படைப்பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போனை இஸ்திரி மேசையில், பொத்தான் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தான். நாலாவது தடவையில் ஒருவன் எடுத்தான்.

"கிளார்க்கா? அவரு லீவுல போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"அது லீவுப் புஸ்தகத்துலதான் இருக்கும்."

"புஸ்தகத்தைப் பாத்துச் சொல்லுங்க. எனக்கும் அதைத்தான் பாக்கணும்."

"அலமாரிக்குள்ள இருக்கு."

"திறந்து பாருங்களேன்."

"சாவி அவருகிட்ட இருக்கு."

மாமியார் போனுக்கு மேல் குனிந்து, பெட்டிக்குள் அகப்பட்டவனிடம் பேசுவது மாதிரிக் கத்தினாள். "ஏம்ப்பா, அப்ப உங்க பட்டாளத்துல யார் யார் லீவுல இருக்காங்கன்னு இன்னிக்கு யாருக்குமே தெரியாதா?"

"யாருங்க பேசறது?"

"நான் அவனைப் பெத்தவ."

"வணக்கம்மா. நான் தோட்ட வேலைக்கு இருக்கிறவன். போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, யாருமில்லையேன்னு எடுத்தேன்."

மாடியில் குடியிருக்கிற கேப்டன் இறங்கி வந்தார். கேப்டன் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். அவர் பட்டாளத்தில் இருந்தது பதினோரு மாதம், அதுவும் உருளைக்கிழங்குக் கிடங்கில். பாதம் தட்டை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் முப்பத்தாறு வருடம் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தார். ஆனால் பேசுவது பூராவும் அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றித்தான். சட்டை இஸ்திரிக்குக் கொடுக்க வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல இந்த எண்ணிக்கையே தப்பு. ஞாயித்துக்கிழமை கணக்கில வராது" என்று வரிசையிலிருந்து மூன்று பொத்தானை எடுத்துத் தள்ளினார்.

"ஞாயித்துக்கிழமையும் உண்டு மாமா" என்றான் பட்டாளத்துக்காரன்.

"எங்க காலத்துல கிடையாது. அப்புறம் போற நாள் வர்ற நாள் சேத்தி இல்ல." இன்னும் இரண்டு பொத்தான் போயிற்று.

"பெரிய லீவுக்குச் சேத்திதான். சின்ன லீவுக்குத்தான் சேத்தி இல்ல. இல்ல, மாத்திச் சொல்றேனா?" அவன் நெற்றியைத் தேய்த்தான். "சேர்ந்த புதுசுல இதுக்குன்னு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாங்க. முத நாள் பூரா ஓட விட்டுட்டாங்க. உக்காந்ததும் தூங்கிட்டேன்."

"பூரா நேரமுமா?" என்றாள் மாமியார்.

"கடைசியில எழுந்தேன். 'லீவுங்கிறது சலுகை, உரிமை இல்ல'ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"நான் ராத்திரிக் கணக்குதான் பாப்பேன்" என்றாள் மாமியார். "இங்க படுத்து எழுந்திரிச்சாத்தான் அது ஒரு நாள். முப்பதாம் தேதி சாயங்காலம்தான் வந்தான். அது எப்படி ஒரு நாளாகும்? அன்னிக்கு அவன் சாப்பிட்டது ஒரு வேளை."

அவளும் ஒரு பொத்தானை எடுத்துவிட்டாள். வரிசையில் பதினாலு மிச்சம் இருந்தது. இந்தக் கணக்குப்படி அவன் இன்னும் ஆறு நாள் சேர்த்து இருக்கலாம். ஆனால் சீட்டில் பதினெட்டு என்றுதான் இருந்தது. பொத்தான் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் திரும்ப எடுத்து வைத்தாள்.

பதினெட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே முகாம் வாசலில் இல்லையென்றால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லாம ஓடிப்போனவன்னு எழுதுவாங்க. அடைச்சு வைப்பாங்க. அதுக்கப்புறம் இந்த வருஷம் லீவுன்னு வாயைத் திறக்க முடியாது. அடுத்த வருஷமும்தான்" என்றான். பிறகு, "ஆனா அது நிஜமா ஓடிப்போனவனுக்கு" என்று சேர்த்துக்கொண்டான்.

"லீவை நீட்டிக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் தட்டி விடு" என்றார் கேப்டன். "டாக்டர் சீட்டையும் சேத்து அனுப்பு. முடியாதுன்னா முடியாதுன்னு பதில் வரும். பதில் வரலைன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். எனக்கு ஒரு தடவை அப்படித்தான். எங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு எழுதிப் போட்டேன். பதிலே இல்ல. பத்து நாள் ஜம்முனு இருந்துட்டுப் போனேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாங்க? அப்புறம் ஒரு மாசத்துல பாதம் தட்டைன்னு அனுப்பிட்டாங்க. அது வேற விஷயம்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் கடிதம் வாங்கினார்கள். முதல் தடவை நடந்ததையும் சேர்த்து, கணவர் உடன் இருப்பது அவசியம் என்று டாக்டரம்மா நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூலைக்கடையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பெண் விண்ணப்பத்தைத் தட்டினாள். என் முறை, அவன் முறை என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் மூன்று தடவை அழித்து எழுதினாள். கடைசியில், "அண்ணே, சமையக்காரரை விட்டுடலாமே. அவரு வந்தா எனக்கே குழம்புது" என்றாள். சமையல்காரனை விட்டுவிட்டார்கள். அனுப்பியதும் திரையில் 'சென்று சேர்ந்தது' என்று வந்தது.

"போய்ச் சேந்துடுச்சாம்" என்றான் வீட்டுக்கு வந்து. அதற்கப்புறம் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது ஒரு விநோதமான நாள். போன் அடித்தால் எல்லாருக்கும் பயம், அடிக்காவிட்டால் சந்தோஷம். ஒரு தடவை அடித்தது. மாமியார் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு ஓடிவந்தாள். துணிக்காரம்மா ஒருத்தி, பச்சைத் துண்டு ஆயிற்றா என்று கேட்டாள். பச்சைத் துண்டுதான் அந்த நேரத்தில் தீய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும் வேறு போன் வரவில்லை. கேப்டன் மாடிப்படியில் நின்று கேட்டார்.

"பதில் வந்துச்சா?"

"வரலை மாமா."

"அப்ப முடிஞ்சுது. உருளைக்கிழங்கை வேக வை, கொண்டாடலாம்."

மாமியார் நிஜமாகவே உருளைக்கிழங்கை வேகவைத்து மிளகைத் தட்டிப் போட்டாள். அவன் நாலு உருண்டையைச் சூட்டோடு விழுங்கிவிட்டுப் பொத்தானின் வயிற்றில் காதை வைத்தான். "உள்ள யாரோ பரேட் எடுக்கிறாங்க" என்றான். பொத்தானுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்கப்புறம் பல் தெரியச் சிரித்தாள்.

பதினேழாம் தேதி காலையில் தூறல் விட்டிருந்தது. அவன் கொல்லையில் புதுக்கொடி கட்டிக்கொண்டிருந்தான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்து, முறுக்கி, கையால் தட்டிப் பார்த்தான். பொத்தான் அவனுடைய சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்ததும் சீட்டைத் திரும்பப் பையில் வைக்கலாம் என்று எடுத்தாள். ஈரக்காற்றில் அது மடிப்பு விட்டுக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு தடவை அழுத்தி விடலாம் என்று மேசையில் பரப்பினாள். கறுப்பு மை தீயக்கூடாது என்று முன்பக்கத்தைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தாள். பூராவும் அச்சு. கடுகு கடுகாக எழுத்து, பதினாலு வரி. விரலை வைத்தாள்.

ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

'விடுப்பு நீட்டிப்புக் கோருபவர், நீட்டிப்பு வழங்கப்பட்டதாகத் தகவல் கிடைக்கப்பெறாத நிலையில், அது மறுக்கப்பட்டதாகவே கருதி, குறித்த நேரத்தில் பணிக்குத் திரும்ப வேண்டும்.'

உதடு அசையாமல் இன்னொரு தடவை வாசித்தாள். பதில் வராவிட்டால் சரி என்று அர்த்தமில்லை. பதில் வராவிட்டால் கிடையாது என்று அர்த்தம்.

கொல்லையில் கொடி 'டங்' என்று தெறித்தது. "அம்மா, இது இனி நீ செத்தாலும் அறாது" என்று அவன் சொல்வதும், "ஏன்டா, அதுலயே நான் தொங்கணுமா?" என்று மாமியார் கேட்பதும், இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டன.

பொத்தான் சீட்டைத் திருப்பி வைத்தாள். முன்பக்கம் எப்போதும்போல இருந்தது. இந்த வீட்டில் பின்பக்கத்தை வாசித்தவள் அவள் ஒருத்திதான். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. அவனும் வாசித்திருக்க மாட்டான். வாசித்திருந்தால் நேற்று உருளைக்கிழங்கு தின்றிருக்க மாட்டான். நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவன் இருப்பான். இருபத்துநாலாம் தேதி கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அப்புறம் வருவது அப்புறம்.

பக்கத்தில் ஒரு சிறுவன் சட்டை கிடந்தது. அதில் ஒரு பொத்தான் தைத்தாள். இன்னொன்று தைத்தாள். மூன்றாவதைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தபோதுதான், அந்தச் சட்டையில் ஏற்கெனவே எல்லாப் பொத்தானும் இருந்தது தெரிந்தது. மூன்றும் வேண்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தன.

மதியம் பன்னிரண்டரைக்குப் பஸ். அதை விட்டால் பதினெட்டு சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேறு வண்டி இல்லை.

எழுந்து கொல்லை வாசலுக்குப் போனாள்.

"என்னங்க."

இந்தத் தடவை சத்தம் வந்தது. அவன் திரும்பினான்.

"இதுக்குப் பின்னால ஒண்ணு போட்டிருக்கு."

"பின்னாலயா? அது எல்லா சீட்டுலயும் இருக்கிறதுதான். சும்மா அச்சடிச்சிருப்பாங்க."

"ஒம்போதாவது வரி."

அவன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். வாசித்தான். அவன் உதடும் அசைந்தது.

"என்னடா?" என்றாள் மாமியார். அவன் சொன்னான். அவள் மகனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தாள்.

"நீ எதுக்குடி அதைப் படிச்ச?"

பொத்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ்வளவு நாளும் பட்டாளத்துல ஒருத்தனும் படிக்காத பக்கம். உன்னை யாரு படிக்கச் சொன்னது? அவன் பக்கத்துல இருக்கணும்னுதானே ராவும் பகலும் பொத்தானை எண்ணிக்கிட்டிருந்த? இப்ப உன் வாயாலயே போகச் சொல்றியா?"

"போகச் சொல்லலை அத்தை. போட்டிருக்கிறதைச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

கேப்டன் இறங்கி வந்து சீட்டைக் கையை நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. "எங்க காலத்துல பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு. ஒரு எழுத்து கிடையாது" என்றார், யார் மேலோ குற்றம் சொல்கிற மாதிரி. பிறகு நாற்காலியில் உட்காராமலே மாடிக்குப் போய்விட்டார்.

அவன் புதுக்கொடியை ஒரு தடவை இழுத்து விட்டான். "அங்க போனா மட்டும் என்ன? அந்தப் பத்து நாள் என்னுதா சமையக்காரனுதான்னே தெரியாது. போனவனை மறுபடி விடுவாங்களான்னும் தெரியாது" என்றான். "போகாம இருந்தா என்ன ஆகும்னு மட்டும்தான் தெரியுது."

பொத்தான் உள்ளே போய்ச் சட்டையை மடித்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டினாள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபோது அவளே மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். வயிறு இடித்ததால் கையை எட்டிப் போட வேண்டியிருந்தது.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான் அவன். கோபமாகச் சொன்னானா, பாராட்டாகச் சொன்னானா என்று அவளுக்குப் புரியவில்லை.

"அப்புறம் உங்களைப் பிடிச்சு உள்ள வச்சா, குழந்தை யார் சாடைன்னு அப்பவும் என்னைத்தானே கேப்பீங்க" என்றாள்.

பஸ் வந்தது. பஸ் போனது.

அதற்கப்புறம் ஐந்து நாள் மாமியார் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. "சாப்பிடு." "காலை நீட்டு, வீங்கியிருக்கு." "அந்தப் பையன் சட்டையில கூடுதலா மூணு பொத்தான் எப்படி வந்துச்சு?" அவ்வளவுதான். அவனிடமிருந்து இரண்டு போன் வந்தது. முதல் போன், பதினெட்டாம் தேதி மூன்றரை மணிக்கே வாசலுக்குப் போய்விட்டதாக. இரண்டாவது போனில், கையெழுத்துப் போடுகிற அதிகாரி வெளியே போயிருக்கிறார், கிளார்க் நாளை வரலாம், இன்றே வந்தாலும் வரலாம் என்றான். நடுவில் லைன் அறுந்துவிட்டது.

பொத்தான் படுத்தபடி யோசித்தாள். தான் செய்தது சரியா, தப்பா? வாசிக்காமல் இருந்திருந்தால் சரி, தப்பு என்று ஒன்றுமே இருந்திருக்காது. டாக்டரம்மா கொடுத்த மூன்று நாளில் பதினேழும் ஒன்று. அன்றைக்கே வைத்துக்கொண்டிருந்தால்? அப்போது அது யாருக்குத் தெரியும்? ஒரு முடிச்சை அவிழ்த்தால் நூல் இன்னொரு இடத்தில் போய் முடிச்சு விழுந்தது.

இருபத்துமூன்றாம் தேதி மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜன்னலோரக் கட்டில். மாமியார் கட்டிலைத் தொட்டுப் பார்த்து, "இந்த விரிப்பை யாரு துவைச்சது? சோப்பு போகவே இல்ல" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனாள். சாயங்காலம் நாலு மணிக்கு வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பூட்ஸ் போட்டவர்கள் எத்தனையோ பேர் வருவார்கள் என்று பொத்தான் திரும்பவில்லை. மாமியார்தான் திரும்பினாள். நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டாள்.

முகத்தில் இரண்டு நாள் தாடி. சட்டையெல்லாம் கசங்கி, நடுப்பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டாங்களா?" என்றாள் மாமியார்.

"எதுக்குடா வந்தேன்னுதான் முதல்ல கேட்டாங்க" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "உனக்குப் பத்து நாள் இருக்கேன்னு கிளார்க்கே சிரிக்கிறான். நான் அனுப்பின விண்ணப்பம் ஒரு தட்டுல தூங்குது. அதை நானே எடுத்து நானே அதிகாரிகிட்ட கொண்டு போனேன். அவரு என் முன்னாடியே படிச்சாரு. நல்லவேளை நேரத்துக்கு வந்துட்ட, ஒரு மணி பிந்தியிருந்தாலும் இந்தப் பத்து நாளை நானே நினைச்சாலும் குடுக்க முடியாதுன்னாரு. முந்தின லீவு முடிஞ்சிருச்சாம், இது புது லீவாம். எனக்கு ஒண்ணும் புரியலை. சரி சார், சரி சார்னு தலையாட்டிட்டு வண்டி ஏறிட்டேன்."

"அந்தச் சமையக்காரன்? அவன் எத்தனை நாள்தான் போனான்?"

"அதை அவங்களும் கேக்கலை, நானும் கேக்கலை. நீயும் கேக்காதம்மா."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பொத்தானின் தலைமாட்டில் வந்து நின்று, அவள் முடியை ஒதுக்கி விட்டாள். கொஞ்சம் வலிக்கிற மாதிரிதான் ஒதுக்கினாள். "படிச்சவ புத்தி படிச்சவளுக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பொத்தான் கையை நீட்டினாள். அவன் தன் கையைக் கொடுத்தான்.

"இது இல்ல. சீட்டு."

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நாலாக மடித்திருந்தது. பிரித்து, விரலை வைத்து வாசித்தாள். இருபத்திரண்டாம் தேதி முதல் முப்பத்தொன்றாம் தேதி வரை. நாட்கள் பத்து. எண்ணிலும் இருந்தது, எழுத்திலும் இருந்தது. கட்டில் விளிம்பில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்தாள். பத்து வந்தது. மாலை ஆறு மணியா, காலை ஆறு மணியா என்று போடவில்லை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு இருந்தது.

தாளைத் திருப்பினாள்.

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இன்னும் அருகில் வைத்துப் பார்த்தாள். ஒரு எழுத்து இல்லை.

"இதுல ஒண்ணுமே போடலையே?"

"அச்சடிச்ச சீட்டு தீந்துபோச்சாம். வெறும் தாள்ல தட்டிக் குடுத்தாங்க."

"அப்ப அந்தப் பதினாலு வரி இதுக்கு உண்டா, இல்லையா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ், ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டிய ரத்தச் சோதனைக்கு நேரமாகிவிட்டது என்று தள்ளுவண்டியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள். பொத்தான் தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தாள். அவனைக் குனியச் சொல்லி, அவன் சட்டைப் பையில் தானே வைத்து, பையின் பொத்தானையும் மாட்டினாள்.

"நனைச்சுடாதீங்க" என்றாள். "நான் திரும்பி வந்ததும் இன்னொரு தடவை பாக்கணும்."

வண்டி நகர்ந்தது. அவன் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, வராந்தா முடிகிற வரைக்கும் கூடவே நடந்தான்.